உடைக்கக் கூடாத பீம்

கட்டமைப்புப் பொறியியல் படிப்பிக்கிற நான், ஒரு கொங்கிறீற்று பீம் உடைவதை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் முழிக்கத் தேவையில்லை.

நான் மாணவியாக இருந்த காலத்தில் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. மணல் சலிக்கிற அரிதட்டுகளில் குழந்தைகளின் துணி காய்ந்துகொண்டிருக்கும். கரண்டும் இல்லை, இயந்திரமும் இல்லை. எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு நீண்ட பெட்டி கீறுவார். அதுதான் பீம். அதன் நடுவில், கீழிருந்து மேலே நேராக இரண்டு மூன்று கோடுகள் இழுப்பார். "இது பீம் வளையிறதால வாற வெடிப்பு. ஆறுதலா, மெல்ல வரும். ஆக்களுக்குச் சொல்லிப்போட்டு வரும்." பிறகு, பீம் தூணில் உட்காருகிற ஓரத்தில் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். "இது வெட்டுற வெடிப்பு. சொல்லாமக் கொள்ளாம வரும். இதக் கண்டா ஓடு." நாங்கள் அதை அழகாகப் பார்த்துக் கீறி, பரீட்சையிலும் அழகாகக் கீறி, சித்தியடைந்தோம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். யுத்த காலத்தில் அதற்கு மேல் யாராலும் செய்திருக்க முடியாது.

யுத்தம் முடிந்த பிறகும் அதே பெட்டியை நான் கீறியதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

நான் அதே கல்லூரிக்குப் படிப்பிக்க வந்தபோது கூடத்தில் இயந்திரம் இருந்தது. வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று தந்தது. ஒரு ஆளை விட உயரம், பச்சை நிறம், பக்கத்தில் எண்கள் ஓடுகிற சின்னத் திரை. ஒரு பீமைக் கிடையாக வைத்து மேலிருந்து அமுக்கினால், எவ்வளவு பாரத்தில் எங்கே வெடிக்கிறது, எப்படி உடைகிறது என்பதைக் கண்முன்னால் காட்டும். காட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அது எப்போதும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறைக்கு மேலே ஒரு பழைய கட்டில் விரிப்பு. கூடத்துக்கு ஒரு பூட்டு, இயந்திரத்தின் மின்பெட்டிக்கு இன்னொரு பூட்டு. இரண்டு திறப்பும் எங்கள் துறைத்தலைவரின் இடுப்பில் தொங்கின.

வருடத்தில் ஒருதடவை உறை கழன்றது. வாணி விழாவுக்கு. நவராத்திரியில் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம், கந்தோர், கராச் என்று ஓர் இடம் மிச்சமில்லாமல் பூசை நடக்கும். எங்கள் ஆய்வுகூடத்திலும் நடந்தது. மாணவர்கள் இயந்திரத்தைத் துணி நனைத்துத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ மாலை போடுவார்கள். அவல், கடலை எல்லாம் படைத்து, தேவாரம் பாடி, கற்பூரம் காட்டுவோம். விஜயதசமியன்று மற்ற இடங்களில் ஆயுதங்களைக் கையில் எடுத்து வேலை தொடங்குவார்கள். நாங்கள் மாலையைக் கழற்றி உறையைத் திரும்பப் போடுவோம். கடவுளுக்காவது தினமும் நடை திறப்பார்கள்.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகச் சண்டை பிடித்திருப்பேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தன்னுடைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான். வருடா வருடம் பொருட் கணக்கெடுப்புக் குழு வரும். இயந்திரம் உள்ளதா, நல்ல நிலையில் உள்ளதா என்று பார்க்கும். பாவிக்கப்பட்டதா என்று அந்தக் குழு ஒருநாளும் கேட்டதில்லை. பழுதானால் மட்டும் விசாரணை வரும், ஓய்வூதியம் இழுபடும்.

"மிஸ், பாவிச்சாத்தானே பழுதாகும்" என்பார்.

"பாவிக்காட்டியும் துருப்பிடிக்கும் சேர். இது வாவிக் காத்து, உப்பு."

"துருப்பிடிச்சா அது இயற்கை. உடைஞ்சா அது நான்."

அரசாங்க உத்தியோகத்தின் முழு ஞானமும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது.

அப்படியானால் மாணவர்கள் ஆய்வுகூட அறிக்கை எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார்கள். மூத்த அணியின் அறிக்கையைப் பார்த்து எழுதினார்கள். மூத்த அணி அதற்கு முந்திய அணியைப் பார்த்து எழுதியது. அந்தப் பீம் முதன்முதலில் எங்கே, யாருடைய கையால் உடைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கல்லூரியில் அது வருடா வருடம் அதே பாரத்தில், அதே இடத்தில் உடைந்துகொண்டிருந்தது. நானும் சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அணி வந்தது. பன்னிரண்டு பேர். அதில் அமிர்தகழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய குரல். ஒன்றை விளங்காமல் விட மாட்டாள். நான் வழக்கம்போல பெட்டி கீறி, நேர்க் கோடும் சாய்ந்த கோடும் இழுத்து முடித்ததும் கை தூக்கினாள்.

"மிஸ், உடையக்குள்ள சத்தம் முதல்ல வருமா, வெடிப்பு முதல்ல வருமா?"

நான் "நல்ல கேள்வி" என்றேன். தெரியாத ஆசிரியர்கள் எல்லாரும் சொல்கிற பதில் அது. அடுத்த கிழமை சொல்வதாகச் சொன்னேன். புத்தகங்களில் தேடினேன். பாரம் இருந்தது, சூத்திரம் இருந்தது, படம் இருந்தது. சத்தம் இல்லை. அடுத்த கிழமையும் அவள் கை தூக்கினாள்.

"நீங்க பார்க்கக்குள்ள என்ன மிஸ் முதல்ல வந்த?"

"நான் பார்க்கல்ல புள்ள" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நாலைந்து வருடத்தில் இவர்கள் பாலத்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் கையொப்பம் வைக்கப் போகிறவர்கள். அவள், "அப்ப நாம ஒண்ட உடைப்பம் மிஸ்" என்றாள். கடைக்குப் போய் தேத்தண்ணி குடிப்பம் என்று சொல்வதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இந்தப் பன்னிரண்டு பேரும் வெளியே போவதற்கு முன்னால், தங்கள் கையால் செய்த ஒரு பீமைத் தங்கள் கையால் உடைத்துப் பார்க்க வேண்டும். அவர்களோடு நானும்.

துறைத்தலைவரைக் கையைக் காலைப் பிடித்துக் கேட்டேன். கடிதம் எழுதினேன். மேலிடத்துக்குப் பிரதி போட்டேன். கடைசியில், இயந்திரத்தின் பக்கத்தில் தானும் நிற்பதாக இருந்தால் ஒரே ஒரு பீமுக்குச் சம்மதம் என்றார். நான் அன்று வீட்டுக்குப் போகிற வழியில், கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த மனிசி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

பிள்ளைகள் பீம் செய்தார்கள். பலகையை அறுத்துத் தாங்களே பெட்டி அடித்தார்கள். கம்பி வெட்டி, அதைச் சுற்றிப் போகிற வளையங்களை முளையில் வைத்து வளைத்தார்கள். முதல் நாள் வளைத்த வளையம் ஒன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கொங்கிறீற்றைக் கையால் குழைத்தார்கள். கலவை இயந்திரமும் பூட்டுக்குள்தான் இருந்தது. அமிர்தகழிப் பிள்ளை பலகைக்குள் குனிந்து கம்பியால் இடித்து இடித்து இறக்கினாள். மூக்கு நுனி வரை சீமெந்து. அந்த ஒரு பின்னேரத்தில் அவர்கள் படித்ததை நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்ததில்லை. தண்ணீர் கூடினால் கலவை எப்படி ஓடும், குறைந்தால் எப்படி மூலைக்குள் இறங்காமல் நிற்கும், வளையம் ஒன்றைச் சரித்துக் கட்டினால் மற்றதெல்லாம் எப்படிச் சரியும், எல்லாம் அவர்களுக்குக் கையால் தெரிந்தது.

பிறகு இருபத்தெட்டு நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். சாக்கை நனைத்துப் போர்த்தி, முறை போட்டு வந்து தண்ணீர் ஊற்றினார்கள். போயா விடுமுறை நாளிலும் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு பொடியன் வாளியைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு இறங்கப் போனான்.

"எருமை, அது உப்புத் தண்ணி. கம்பியத் தின்னும்" என்று அமிர்தகழிப் பிள்ளை அவனைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு பேரும் பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து கான்களில் அள்ளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமையே வலிக்கிறது.

கடைசியில் பீமுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளையில் மயிர் அளவு வெடிப்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக. நாளும் குறித்தாயிற்று.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

"மிஸ், நல்ல செய்தி. பெரியவர் ஒராள் கல்லூரிக்கு வாறார். அவர்ர கையால இயந்திரத்த ஆரம்பிச்சு வைப்பம்."

"சேர், இயந்திரம் வந்து எத்தின வருசம்!"

"ஆரம்பிக்கல்லத்தானே?"

பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு முதலில் கவலையில்லை. யார் பொத்தானை அமத்தினால் என்ன, உடைந்தால் சரி என்றார்கள். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விழா நாள் காலையில் நான் போனபோது பீம் நீல நிறத்தில் இருந்தது. பளபளவென்று எனாமல் பெயின்ற். சுண்ணாம்பு அழகில்லை என்று ஆள் வைத்து இரவோடிரவாக அடித்திருந்தார்கள். அதன் நடுவில், சரியாக நடுவில், முதல் வெடிப்பு வரவேண்டிய இடத்தில், தடித்த ஒரு பூமாலை கட்டியிருந்தது. மாலையைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். "நடுவிலதான் மிஸ் வடிவு" என்றார்கள்.

பெண்பிள்ளைகள் சாரி உடுத்து, தட்டில் வெற்றிலையும் பூவும் ஏந்தி வாசலில் நின்றார்கள். பொடியன்கள் கழுத்துப்பட்டியோடு வெயிலில் இரண்டு வரிசை. அவர்களுக்குக் கூடத்துக்குள் இடமில்லை. கதிரைகள் எல்லாம் பெரியவர்களுக்கு. மங்கள விளக்கு ஏற்றியாயிற்று, தமிழ்மொழி வாழ்த்தும் ஆயிற்று. பெரியவர் பொத்தானை அமத்தினார். இயந்திரம் எருமை நாகு மாதிரிச் செருமிவிட்டு அமுக்கத் தொடங்கியது. திரையில் எண்கள் ஏறின. நான் சபையை விட்டு எழும்பி, பீமுக்குக் கீழே பார்ப்பதற்காகக் குனிந்துகொண்டு போனேன். இருபது வருடம் காத்திருந்த ஆள் நான். மரியாதை எல்லாம் அப்போது தெரியவில்லை.

மாலைக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஒரு செவ்வந்தி இதழ் உதிர்ந்தது. பெரியவர் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் வைத்தார்.

துறைத்தலைவர் பாய்ந்து போய் இயந்திரத்தை நிறுத்தினார்.

"காணும் சேர், காணும்" என்றார் பெரியவரிடம். நான் "நிப்பாட்டாதீங்க, இப்பத்தான் தொடங்குது" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகமில்லை, பிறகு சொன்னார்கள். அவர் என் காதுக்குக் கிட்ட வந்து, "மிஸ், நல்ல காரியத்தில உடைஞ்சா அபசகுனம். விளக்கு எரியுது பாருங்க" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. உண்மையாகத்தான் பயந்திருந்தார்.

பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்தப் பிள்ளைகள் தங்கட கையால செய்த பீம், இவ்வளவு பெரிய இயந்திரம் அமத்தியும் உடையல்ல. இதுதான் எங்கட மண்ணின்ர பலம்" என்றார். கைதட்டல் எழும்பியது. நின்று தட்டினார்கள். உடைப்பதற்காகச் செய்த ஒரு பொருளை உடையாததற்காகப் பாராட்டினார்கள். வாசலில் தட்டோடு நின்ற அமிர்தகழிப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கையில் தட்டு இருந்ததால் தட்டத் தேவையில்லாமல் போயிற்று. அழுதுகொண்டு நின்றாள்.

அடுத்த நாள் சோதனையை முடிப்போம் என்று போய்க் கேட்டேன். உறை திரும்ப ஏறியிருந்தது. இயந்திரம் வேண்டாம், பீமை மட்டும் தாருங்கள், பின் வளவில் இரண்டு கல்லில் வைத்து மணல் மூட்டை அடுக்கி உடைக்கிறோம் என்றேன். அதற்குள் பீமை நுழைவாயிலில் இரண்டு பீடத்தில் ஏற்றிவிட்டார்கள். பெரியவர் தொட்ட பீம். பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்றால் பொருட்பதிவு இலக்கமும் எழுதியாயிற்று.

"இனி அது அரச சொத்து மிஸ். உடைச்சா நான் விளக்கம் குடுக்கோணும்."

நான் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். நான் குடிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் பரீட்சையில் பெட்டி கீறி, நேர்க் கோடும் சாய்ந்த கோடும் இழுத்து, எல்லாரும் சித்தியடைந்து போனார்கள். அடுத்த அணியின் அறிக்கைகளில் முடிவு என்ற இடத்தில் ஒரு புது வரி வந்தது. "பீம் உடையவில்லை. ஆகவே சோதனை வெற்றி." ஒரு ஆள் விடாமல் எழுதியிருந்தார்கள். அன்றைக்குச் சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.

சில வருடம் கழிந்தது. போன பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு காலை வட்ஸ்அப்பில் நாலு படம் வந்தது. அமிர்தகழிப் பிள்ளை. செங்கலடிக்கு மேற்கே, வயல் பக்கத்தில் ஒரு உள்ளூர் அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தாள். படத்தில் ஒரு பாலத்தின் அடிப்பக்கம். பீமில் கறுப்பாக ஒரு வெடிப்பு. உடனே அழைப்பும் வந்தது.

"மிஸ், இது எந்த வெடிப்பு? சொல்லிப்போட்டு வாறதா, சொல்லாம வாறதா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளங்கவில்லை. வருகிறேன் என்றேன். பஸ் எடுத்துச் செங்கலடியில் இறங்க, அவள் ஸ்கூட்டியோடு நின்றாள். பதுளை வீதியில் கொஞ்சத் தூரம் போய், உள்ளே கிறவல் பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் அறுத்த வட்டை. அந்தப் பெரிய வயல் பரப்பு முழுவதற்கும் நெல் வெளியே வர இருந்தது அந்த ஒரு சின்னப் பாலம்தான்.

கால் புதைகிற சேற்றுக்குள் இறங்கி இரண்டு பேரும் பாலத்துக்கு அடியில் போனோம். டோர்ச் அடித்தாள். வெடிப்பு நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் தொடங்கியிருந்தது. கொஞ்சத் தூரம் நேராக ஏறி, பிறகு மனதை மாற்றிக்கொண்டு தூண் பக்கம் சாய்ந்து போயிற்று. கம்பி துருவேறி, கொங்கிறீற்று சில இடத்தில் சோடாவில் நனைந்த பிஸ்கட் போலப் பொரிந்திருந்தது. என் கரும்பலகையில் இப்படி ஒரு கோடு ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே ஒவ்வொரு வெடிப்பும் ஒழுங்காகத் தன்னுடைய இடத்தில் நிற்கும்.

"மேல சொல்லியாச்சா?"

"ரெண்டு தரம் சொல்லிப்போட்டன் மிஸ். அறுவடை முடியட்டாம். மறுகா பார்ப்பமாம்."

மேலே உழவு இயந்திரத்தின் சத்தம் வந்து நின்றது. இழுவைப் பெட்டி நிறைய நெல் மூட்டை. ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் துவாய்.

"என்ன தங்கச்சி, வழியில ஸ்கூட்டிய விட்டிருக்கிறீங்க?"

"அண்ணன், கொஞ்சம் பொறுங்க. பாலத்தில வெடிப்பு இரிக்கு. மூட்டைய இறக்கி, பாதி பாதியாக் கொண்டு போங்க" என்று அவள் கீழே நின்று கத்தினாள்.

"மழை இருட்டுது புள்ள. இறக்கி ஏத்த ஆளுக்கு எங்க போற? நேத்தும் இதாலதானே போன."

ஸ்கூட்டியை ஓரம் தள்ளிவிட்டு அவர் பாலத்தில் ஏறிவிட்டார். நாங்கள் வெளியே ஓடியிருக்க வேண்டும். எதைப் படிப்பித்தேனோ அதன்படி ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. வெடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவளை விட்டு ஓட முடியாமல் நானும் வைத்தேன். சக்கரம் தலைக்கு மேலே வந்தபோது கைக்குள் அது விரிந்தது. ஒரு தாள் போகிற அளவு. கொங்கிறீற்றுத் தூள் கண்ணில் விழுந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. பெட்டி கடந்ததும் திரும்ப மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் கையால் தொட்டுப் பார்த்த முதல் பீம் சோதனை அது. அதற்கு மேலே பாரமாக ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களா, நல்லாத்தானே நிக்குது!" என்று அவர் அங்காலிருந்து சிரித்துக்கொண்டு கத்தினார். அவரைப் பார்த்து, பின்னால் வந்து நின்ற இரண்டு உழவு இயந்திரங்களும் உறுமத் தொடங்கின.

"மிஸ், சொல்லுங்க. எந்த வெடிப்பு?"

"தெரியா புள்ள" என்றேன். "எனக்குத் தெரியா."

அவள் என்னை ஒரு கணம்தான் பார்த்தாள். "தெரியாட்டி மூடுவம்" என்று சொல்லிக்கொண்டு கரையில் ஏறினாள். நானும் அவளும் ஒரு முறிந்த மருதங்கொப்பை இழுத்துப் பாதைக்குக் குறுக்கே போட்டோம். ஸ்கூட்டியை அதற்கு முன்னால் சரித்து விட்டாள். வந்தவர்கள் எல்லாம் ஏசினார்கள். மூட்டையில் மழை விழ விழ ஏசினார்கள். ஏசியதில் நியாயம் இருந்தது. எந்த வெடிப்பு என்று தெரிந்த ஒருத்தி நின்று, இதுதான் காரணம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். "தெரியாது, ஆனபடியால் போக வேண்டாம்" என்பதை யார் கேட்பார்கள்?

அடுத்த நாள் அவளுடைய மேலதிகாரி வந்து கொப்பை எடுப்பித்தார். ஆள் பிடித்து, வெடிப்பின் மேல் சீமெந்து பூசினார். கோடு தெரியாமல் போயிற்று. விவசாயிகளுக்கு இடைஞ்சல் செய்தாள் என்று சொல்லி, அவளைக் கந்தோருக்குள் ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். வெளிவேலை இல்லை. போனில் என்னோடு கதைக்கும்போது அந்தப் பெரிய குரல் இல்லை. "பாலம் நிக்குதுதானே மிஸ், நாமதான் பயந்திட்டம் போல" என்று ஒருநாள் சொன்னாள். அவளே அப்படிச் சொன்னது எனக்கு விழாவில் கைதட்டியதை விட மோசமாக இருந்தது.

பாலம் இன்னும் நிற்கிறது. யார் கேட்டாலும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஒரு மனுஷி எழுதக் கூடாததை எழுதுகிறேன். அது விழ வேண்டும் என்று நான் நினைத்திருக்கிறேன். ஆத்திரத்தில் ஒருதடவை இல்லை, பலதடவை. ஒரு மத்தியானத்தில், மேலே ஒரு ஆடு மாடு கூட இல்லாத நேரத்தில், எல்லாரும் தூரத்தில் பத்திரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, எங்கே தொடங்கி எப்படிப் போகிறது என்று அமிர்தகழிப் பிள்ளை கண்ணால் கண்டுகொள்ள, அது மட்டும் தனியாக உடைந்து விழ வேண்டும். பிறகு எனக்கு வெட்கமாகிவிடும். ஒரு பாலத்துக்குச் சாவு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாயே என்று என்னை நானே ஏசிக்கொள்வேன். ஆனால் நான் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது? ஆள் இல்லாமல், பத்திரமாக, எல்லாரும் பார்க்க ஒன்று உடைய வேண்டும். அதற்கென்றுதான் ஒரு கூடம் கட்டி, இயந்திரமும் தந்து, என்னையும் சம்பளம் தந்து வைத்திருக்கிறார்கள்.